குளிக்காத கம்பி

"இந்த வாரமும் கடிதம் கிடையாது," என்று முரோயி மேடம் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். "போன வாரமும் கிடையாது. அதுக்கு முந்தின வாரம் ஒண்ணு வந்துது. அது பீட்சாக் கடை விளம்பரம். அதையும் கணக்குல சேர்த்துக்கோங்கன்னு கெஞ்சினீங்க."

"எங்க பேருக்குத்தானே மேடம் வந்திருந்துது?" என்றார் நிஷிவாகி.

"‘இங்கே குடியிருப்பவருக்கு’ன்னு வந்திருந்துது."

நிஷிவாகி கவிழ்ந்த கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒசாகாவின் கொமோரி கடைவீதியில், ஊறுகாய்க் கடைக்கு மாடியில், இரண்டு மைக்கும் இரண்டரை நாற்காலியும் வைத்து முரோயி மேடம் நடத்திவந்தது அந்த வட்டார வானொலி. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை 'அடித்தளம்' என்ற நிகழ்ச்சி. மெத்தைக் கடை நிஷிவாகியும் மூக்குக்கண்ணாடிக் கடை கமேதானியும் உட்கார்ந்து பேஸ் கிட்டாரைப் பற்றிப் பேசுவார்கள்.

நாலு தடித்த கம்பி போட்ட வாத்தியம் அது. பாட்டுக் கேட்பவர்கள் யாரும் அதைத் தனியாகக் கேட்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். இவர்கள் இருவரும் இளவயதில் ஆளுக்கொரு குழுவில் அதை வாசித்தவர்கள். குழுக்கள் கலைந்து இருபது வருடமாகிவிட்டது. இப்போது வீட்டில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கத்தான் மனைவிமார் அனுமதி. வானொலியிலும் வாசிக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன், முதல் நிகழ்ச்சியின் முதல் நிமிடத்தில் நிஷிவாகி அடிக்கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டினார். கீழே ஊறுகாய்க் கடையில் நாற்பது ஜாடி மூடிகள் கடகடவென்று ஆடின. கடைக்காரர் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடிவிட்டார். "இனிமே பேச்சு மட்டும்," என்று முரோயி மேடம் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்.

"கடைவீதிச் சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு," என்றார் மேடம் இப்போது. "கடிதம் வராத நிகழ்ச்சிக்கு இடம் இல்லை. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம். இல்லாட்டி வியாழக்கிழமை மதியம் முழங்கால் பயிற்சிக்குப் போயிரும். அதுக்கு இப்பவே முப்பது பேர் எழுதிக் கேட்டிருக்காங்க."

"முழங்கால் ரேடியோல எப்படி மேடம் தெரியும்?"

"நீங்க வாராவாரம் பேசற டோன், அந்தச் சத்தத்தோட குணம், அது மட்டும் தெரியுதா?"

நிஷிவாகி கூடையை நிமிர்த்தி வைத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வாரம் முழுக்க அவர் வாய் பேசுவது ஒரே வசனம்தான்: "கெட்டியா வேணுமா, மெத்துனு வேணுமா?" வியாழக்கிழமை அரைமணி நேரம் மட்டும்தான் கம்பி, மரம், சத்தம் என்று அவர் மனதிலிருப்பதைப் பேச முடிந்தது. வீட்டில் பேசினால் மனைவி யசுயோ, "உள்ளே போய் அரிசி களையுங்க," என்பாள். அந்த அரைமணியும் போய்விட்டால் அப்புறம் வாரம் முழுக்க வெறும் மெத்தைதான்.

எனவே அவர் எந்த யோக்கியனும் செய்யக்கூடியதைச் செய்தார். தபால் அட்டை ஒன்று வாங்கிவந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், இடது கையால் தானே எழுதினார். வானொலிக்கு எழுதுகிறவர்கள் யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. ஆளுக்கொரு புனைபெயர் உண்டு. நிஷிவாகி கொஞ்ச நேரம் யோசித்து, 'குளிக்காத கம்பி' என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வியாழக்கிழமை கமேதானி அதை மைக்கில் வாசித்தார். கமேதானி ஒல்லி, உயரம். எதையும் வாசிக்கும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார்.

"‘வணக்கம். என் பேஸ்ல கம்பி மாத்திப் பதினாலு வருஷம் ஆச்சு. துடைச்சதுகூட இல்லை. சத்தம் இப்பத்தான் ஆவி பறக்கற சோறு மாதிரி பக்குவமா வருது. கம்பியை மாத்தணுமா? இப்படிக்கு, குளிக்காத கம்பி.’" அட்டையைக் கீழே வைத்தார். "மாத்த வேண்டாம். புதைச்சிருங்க."

"யோவ், நேயரை அவமானப்படுத்தாதே," என்றார் நிஷிவாகி.

"பதினாலு வருஷம்யா! அந்த அழுக்குல வெங்காயத்தாள் நட்டா வளரும்."

"அழுக்குன்னு யார் சொன்னது? விரல் எண்ணெய் கம்பிக்குள்ள இறங்கணும். அதுக்குப் பேரு பக்குவம். நீ மாசாமாசம் புதுக் கம்பி மாட்டறியே, உன் சத்தம் எப்படி இருக்கு தெரியுமா? ஸ்பூன் டப்பா மாடிப்படில உருண்ட மாதிரி."

"அதுக்குப் பேரு தெளிவு. உன் சத்தம் எப்படி இருக்குன்னு நான் சொல்லவா? பக்கத்து வீட்டுக்காரன் பல்வலில முனகற மாதிரி."

"அதுக்குப் பேரு ஆழம்."

"ஆழம்தான். கிணத்துல விழுந்தவன்கூட அந்த மாதிரிதான் கத்துவான்."

நிகழ்ச்சி முடிந்து இறங்கும்போது நிஷிவாகிக்கு மனசு நிறைவாக இருந்தது. ஒரு கடிதம் வந்தாயிற்று. அதோடு தன் கருத்தை ஊருக்கு முன்னால் எழுத்தில் வைத்தாயிற்று. கடைவீதிக்கு மேலே போட்டிருந்த கூரையில் வரிசையாகத் தொங்கும் ஒலிபெருக்கிகளில் அவர்கள் குரல்தான் அரைமணி நேரமும் கேட்டிருக்கும். ஆனால் யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மீன் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டீத்தூள் கடைக்காரர் இவரைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். மூன்று வருடமாக ஒருவராவது அவரிடம் வந்து கம்பியைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டதில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. இன்னொரு அட்டை வந்தது. நிஷிவாகி எழுதாதது.

நேர்த்தியாக அச்சடித்த அட்டை. முதல் வரி பெரிய எழுத்து, அடுத்த வரி அதைவிடச் சின்னது, அதற்கடுத்தது இன்னும் சின்னது. கடைசி வரியை நிஷிவாகி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. "என்ன அழகா வடிவமைச்சிருக்கார்யா!" என்று வியந்தார்.

"ரசனையுள்ள மனுஷன் போலிருக்கு," என்று கமேதானி கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

எழுதியவர் பெயர் 'மின்னல் விரல்'. 'குளிக்காத கம்பி போன்றவர்களால்தான் பேஸ் வாசிக்கிறவர்களுக்குக் கல்யாணச் சந்தையில் மதிப்பில்லை' என்று ஆரம்பித்து, திரு. கமேதானியின் கருத்து நூற்றுக்கு நூறு சரி என்று முடித்திருந்தார்.

நிஷிவாகிக்கு முதலில் ஆனந்தம். ஒரு நேயர்! உண்மையான, உயிருள்ள நேயர்! வீட்டுக்குப் போகும் வழியில் பாதித் தூரத்தில்தான் வயிறு எரிய ஆரம்பித்தது. இருக்கிற ஒரே நேயரும் கமேதானி கட்சியா?

அன்றைக்கே அவர் இரண்டு அட்டை எழுதினார். கம்பி முடிகிற இடத்தில் அடியில் கொஞ்சம் பஞ்சு திணித்தால் சத்தம் குட்டையாக, உருண்டையாக விழும் என்றார். 'பஞ்சு காதில் வைக்க வேண்டியது, உங்களைக் கேட்பவர்கள் காதில்' என்று மின்னல் விரல் பதில் எழுதினார். நிஷிவாகி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி முன்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் பேஸ் வாசிப்பவர் முகம் திரையில் வந்தது மொத்தம் பதினொரு விநாடி, அதிலும் நாலு விநாடி பாடகியின் தோளுக்குப் பின்னால், என்று புள்ளிவிவரம் அனுப்பினார். 'பதினொன்று இல்லை, பதின்மூன்று. குளிக்காதவர் கண்ணையும் துடைப்பதில்லை போலும். நல்ல கண்ணாடிக் கடைக்குப் போகவும்' என்று பதில் வந்தது.

இதையெல்லாம் மைக்கில் வாசித்து இருவரும் மோதிக்கொண்டார்கள். ஒயரை எந்தப் பக்கமிருந்து செருகினால் சத்தம் தடையில்லாமல் ஓடும் என்று ஒரு வாரம் முழுக்கச் சண்டை.

"ஒயருக்கு ஏதுய்யா முன்பக்கம் பின்பக்கம்?" என்றார் கமேதானி.

"பாம்புக்கு இருக்குல்ல?"

"பாம்பைச் செருகி வாசிச்சவன் நீதான்."

மூன்றே வாரத்தில் கூடையில் பதினோரு அட்டைகள். முரோயி மேடம் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சங்கத்தில் காட்டிவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"சங்கத்துக்கு ரொம்பத் திருப்தி. நிகழ்ச்சிக்கு ஆபத்தில்லை."

நிஷிவாகி பெருமூச்சு விட்டார். கமேதானியும் விட்டார்.

"ஒரு சின்ன விஷயம் மட்டும்தான்," என்றார் மேடம். "மாசக் கடைசி சனிக்கிழமை கடைவீதித் தள்ளுபடி விழா. நடுவுல மேடை போடறோம். நேரடி ஒலிபரப்பு. குளிக்காத கம்பியையும் மின்னல் விரலையும் மேடை ஏத்தி நேருக்கு நேர் மோத விடறோம். வாத்தியத்தோட வரச் சொல்லி ரேடியோல நீங்களே அறிவிச்சிருங்க. தெருதானே, ஊறுகாய் ஜாடி ஆடாது."

"ரெண்டு பேரும் வரலேன்னா?" என்று நிஷிவாகி மெதுவாகக் கேட்டார்.

"ஏன் வரமாட்டாங்க? வரலேன்னா, கடிதமெல்லாம் நீங்களே எழுதினதுன்னுல்ல சங்கம் நினைச்சுக்கும்," என்று மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரிக்க நிஷிவாகியும் கமேதானியும் முயன்றார்கள். இரண்டு பேருக்குமே சரியாக வரவில்லை.

நிஷிவாகி வீட்டுக்குப் போய் யோசித்தார். குளிக்காத கம்பியை ஊரைவிட்டே அனுப்பிவிட்டால்? இடது கையால் ஒரு அட்டை எழுதினார். 'நேயர்களே, எனக்குத் திடீரென்று வடக்கே சப்போரோவுக்கு மாற்றல். அடுத்த மாதம் கிளம்புகிறேன். மேடைக்கு வர இயலாததற்கு வருந்துகிறேன். குளிர் தேசம் போகிறேன், அங்கே குளிக்காவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.'

வியாழக்கிழமை அதை வாசித்தபோது கமேதானியின் குரல் ஏனோ உற்சாகமாக இருந்தது. "பாவம், போகட்டும்! அவர் வரலேன்னா மின்னல் விரல் மட்டும் வந்து என்ன பண்ணப் போறார்? விழாவை விட்டுரலாம்."

ஒலிப்பதிவு அறையின் கதவைத் திறந்துகொண்டு முரோயி மேடம் உள்ளே வந்தார். ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் இப்படி வந்ததே இல்லை.

"அடுத்த மாசம்தானே கிளம்பறார்? விழா இந்த மாசம்!" என்று நிஷிவாகியின் மைக்கைப் பிடுங்கிப் பேசினார். "நேயர்களே! சனிக்கிழமை மோதல் மட்டும் இல்லை. குளிக்காத கம்பிக்கு வழியனுப்பு விழா! பூங்கொத்து உண்டு! எல்லாரும் வாங்க!"

மறுநாளே தூணுக்குத் தூண் சுவரொட்டி. 'போகாதே, குளிக்காத கம்பி!' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நிஷிவாகியின் கடை வாசல் தூணில் மட்டும் மூன்று.

"யாருங்க அது?" என்றாள் யசுயோ. "பதினாலு வருஷமாத் துடைக்கலையாமே. நம்ம வீட்டு பேஸும் அப்படித்தானே கிடக்கு?"

"ஊர்ல நிறைய பேர் அப்படித்தான்," என்றார் நிஷிவாகி.

இனி ஒரே வழிதான். குளிக்காத கம்பியாக மேடையேற ஒரு ஆள் வேண்டும். இரண்டு திருப்பம் தள்ளி முடிதிருத்தும் கடை வைத்திருந்த சென்தாவிடம் போனார். சென்தா பேஸைத் தொட்டதே கிடையாது. ஆனால் வாய் உண்டு. எந்த ஊர்க்காரன் வந்து உட்கார்ந்தாலும் அந்த ஊர்ப் பேச்சு பேசுவான்.

"அப்போ நான் மேடையில ஏறிப் பொய் சொல்லணும்," என்றான் சென்தா, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டியபடி. "எனக்குத் தெரியாத விஷயத்துக்குச் சண்டை போடணும். பூங்கொத்து வாங்கி அழணும். கூலி, வாத்து இறகு போட்ட ரஜாய், ரெண்டு பேர் போர்த்திக்கறது."

"ஒரு தலையணை."

"தலையணையா? மேடையில தூங்கவா போறேன்?"

"சரி, ரெண்டு தலையணை."

"அண்ணே, நான் சப்போரோவுக்கு வேற போறேன். அங்கே பனி கொட்டுது."

"நீ நிஜமாவே போறியா? பருத்திப் போர்வை ஒண்ணு."

"ஒற்றை ரஜாய். வாத்து வேண்டாம், கோழி இறகுகூடப் போதும்."

"கோழி இறகுல ரஜாய் எவன் தைக்கிறான்? கம்பளி ஒண்ணு, தலையணை உறை ரெண்டு. இதுக்கு மேல கேட்டேன்னா நான் மீன்கடைக்காரனைப் பிடிச்சுக்கறேன்."

"உறை பூப்போட்டது?"

"பூப்போட்டது."

"முடிஞ்சுது."

பாடம் வியாழக்கிழமை காலை ஆரம்பித்தது. நிஷிவாகி சவர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பின்னால் பெஞ்சில் யாரோ ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக் காத்திருந்தார்.

"பேஸ்ல எத்தனை கம்பி?" என்று நிஷிவாகி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆறு."

"நாலு."

"ரெண்டு அறுந்தும் இன்னுமா அந்த ஆளு மாத்தாம இருக்கான்?"

செய்தித்தாள் குலுங்கியது. ஜலதோஷம் போலிருக்கிறது என்று நிஷிவாகி நினைத்துக்கொண்டார்.

சென்தா சூடான துவாலையைப் பிழிந்து அவர் முகத்தில் போட்டு மூடினான். சொர்க்கமாக இருந்தது. அந்த நேரத்தில் வாசல் மணி ஒலித்தது.

"சென்தா, உன் படிக்கிற கண்ணாடி ரெடி," என்றது கமேதானியின் குரல். "சட்டம் நீ கேட்ட ஆமை ஓட்டு நிறம்தான், ஆனா பெட்டி தனி விலை. ஆள் இருக்காரா? பரவாயில்லை, ஒருத்தர் துவாலைக்குள்ள, ஒருத்தர் பேப்பருக்குள்ள. மின்னல் விரல் பாடத்தை ஆரம்பிக்கலாமா? எடுத்த எடுப்புல ‘ஏய் குளிக்காதவனே’ன்னு ஒரு சத்தம் போடணும். அப்புறம் நான் எழுதிக் கொடுத்தது எல்லாத்தையும்..."

சென்தா தொண்டையைக் கனைத்தான். இருமினான். கத்தியைக் கீழே போட்டான்.

துவாலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அட்டையில கடைசி வரி எழுத்து ஏன் அவ்வளவு சின்னதா இருந்துது?"

கமேதானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "கடையில அந்த அச்சு மட்டும்தான் இருக்கு. கண் பரிசோதனை அட்டைக்கு உள்ளது," என்றார்.

நிஷிவாகி துவாலையை எடுத்தார். இருவரும் கண்ணாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயா?" என்றார் கமேதானி. "நிஜமா நீயா? நான் என்னடான்னா, உனக்கு ஒரு ரசிகன் கிடைச்சிட்டான்னு மூணு நாள் தூங்கலைய்யா. அவனை மட்டம் தட்டத்தான் பதில் எழுதினேன்."

"நானும் உனக்கு ரசிகன் இருக்கான்னுதான் எரிஞ்சுபோய் எழுதினேன்."

"கல்யாணச் சந்தையில மதிப்பில்லேன்னு எழுதினதுக்கு மன்னிச்சுக்கய்யா."

"அதை விடு. டேய் சென்தா! நீ ரெண்டு பேர்கிட்டயும் பேரம் பேசி வாங்கினியே, மேடையில ரெண்டு பேருக்கும் சண்டையாச்சே, எப்படிச் சமாளிக்கிறதா இருந்தே?"

"தொப்பிண்ணே," என்றான் சென்தா. "இடது பக்கம் திரும்பறப்ப ஒரு தொப்பி, வலது பக்கம் திரும்பறப்ப ஒரு தொப்பி. கம்பளி எப்போ அனுப்பறீங்க?"

எதிரே இருந்த காபிக் கடையில் இருவரும் போய் உட்கார்ந்தார்கள். தடித்த ரொட்டியும் அவித்த முட்டையும் வந்து ஆறிக்கொண்டிருந்தன.

"அப்போ மொத்தத்துல..." என்றார் நிஷிவாகி.

"ஒருத்தன்கூட இல்லை."

"மூணு வருஷமா நான் பேசினதை நீ கேட்டே, நீ பேசினதை நான் கேட்டேன்."

"நான் எங்கேய்யா கேட்டேன்? என் முறை எப்போ வரும்னு பார்த்துட்டிருந்தேன்."

நிஷிவாகிக்குச் சிரிப்பு வந்தது. முட்டையை மேஜையில் தட்டி உரித்தார். "சனிக்கிழமை மேடையேறி உண்மையைச் சொல்லிரலாம். குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுரலாம். நிகழ்ச்சி போகும். போனாப் போகட்டும்."

"போகறதுக்கு முன்னால ஒரு காரியம் பண்ணலாம்," என்றார் கமேதானி. "வாத்தியத்தை எடுத்துட்டு வா. மூணு வருஷமா டோன் டோன்னு பேசினோம். ஒரே ஒரு தடவையாவது ஜனங்க காதுல போட்டுட்டுப் போவோம்."

சனிக்கிழமை மதியம் கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. இருநூறு பேருக்குக் குறையாது. கிழங்கு வறுவல் பாதி விலை, காலுறை மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். அதற்காக வந்த கூட்டம் என்று நிஷிவாகி நினைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்து வட்டாரங்களிலிருந்துகூட சைக்கிளில் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சங்கத் தலைவரான டீத்தூள் கடைக்காரர் மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

முரோயி மேடம் இருவர் பெயரையும் சொல்லி அழைத்ததும் பெரிய கைதட்டல். நிஷிவாகி முன்னால் வந்தார். மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். குளிக்காத கம்பின்னு யாரும் கிடையாது. அந்தக் கடிதத்தையெல்லாம் நான்தான் எழுதினேன். இடது கையால."

கூட்டத்தில் ஒரு மூலையில் யாரோ களுக்கென்றார்கள்.

"மின்னல் விரலும் கிடையாது," என்றார் கமேதானி. "அது நான். எங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர் எழுதறது இன்னொருத்தருக்குத் தெரியாது. என் நண்பனோட சண்டை போடறேன்னு தெரியாமலே மூணு வாரம் அஞ்சல் செலவு பண்ணியிருக்கேன்."

சிரிப்பு பரவியது.

"சென்தா கடையிலதான் கண்டுபிடிச்சோம்," என்றார் நிஷிவாகி. "ரெண்டு வேஷத்துக்கும் அவன்தான் ஆள். எனக்கு ஒரு கம்பளி போச்சு."

"எனக்கு ஆமை ஓட்டு நிறக் கண்ணாடி போச்சு. ரொம்ப வருத்தமா இருக்கு. மன்னிச்சிருங்க."

இருவரும் இடுப்பு வரை குனிந்தார்கள். ஒரே மைக் என்பதால் இரண்டு நெற்றியும் மோதி 'டங்' என்ற ஓசை கூரை முழுக்க எதிரொலித்தது. கடைவீதியே இடிந்து விழுவதுபோல் ஒரு சிரிப்பு. மீன்கடைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"முழங்கால் பயிற்சி வெள்ளிக்கிழமை போகட்டும்!" என்று கத்தினார். "வியாழக்கிழமை உங்களுக்குத்தான்! நீங்க சாகிற வரைக்கும் உங்களுக்குத்தான்!"

நிஷிவாகியால் நம்ப முடியவில்லை. எவ்வளவு பெருந்தன்மையான ஜனங்கள்! கமேதானியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "வா," என்றார். "இவங்களுக்கு வாசிச்சுக் காட்டாம யாருக்கு வாசிக்கிறது?"

இருவரும் உறையிலிருந்து வாத்தியங்களை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஒயரைச் செருகினார்கள், எந்தப் பக்கம் என்ற சண்டை இல்லாமல். கூட்டம் அடுத்த சிரிப்புக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தது.

நிஷிவாகி அடிக்கம்பியை மீட்டினார். அந்தச் சத்தம் காற்றில் வரவில்லை. தரை வழியாக வந்து, செருப்பு வழியாக ஏறி, வயிற்றில் உட்கார்ந்தது. அதன் மேல் கமேதானியின் புதுக் கம்பி கழுவிய சில்லறைக் காசு மாதிரி பளிச்பளிச்சென்று விழுந்தது. பழையதும் புதியதும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன. மெத்தை விற்கும் விரல்களும் கண்ணாடி துடைக்கும் விரல்களும் இருபது வருடம் ஹெட்போனுக்குள் அடைபட்டிருந்ததை நாலு நிமிடத்தில் வெளியே விட்டன. கமேதானி கண்ணை மூடிக்கொண்டார். நிஷிவாகிக்கு, தன் கம்பி பக்குவம்தான் என்பதும், கமேதானியின் கம்பி தெளிவுதான் என்பதும், ஒரே நேரத்தில் தெரிந்தன.

கடைசி ஒலி அடங்கியது.

யாரும் கைதட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. இருநூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சங்கத் தலைவர் பூங்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றார். நிஷிவாகி மேடை விளிம்புக்கு வந்தார்.

"என்ன ஆச்சு?" என்று அருகில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டார். சைக்கிள் கூடையில் வெங்காயத்தாள் கட்டோடு, முதல் வரிசையில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தவள் அவள். "வாசிப்பு நல்லா இல்லையா?"

அவள் அவர் கையிலிருந்த வாத்தியத்தையே பார்த்தாள். விரலை நீட்டி ஒரு கம்பியைப் பயந்து பயந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஏங்க... இந்த பேஸுங்கறது நிஜமாவே இருக்கா? மூணு வருஷமா எங்களைச் சிரிக்கவைக்க நீங்க ரெண்டு பேரும் கட்டிவிடற கதைன்னுல்ல ஊரே நினைச்சிட்டிருந்துது!"